எஸ்எஸ்ஹெச் வாசலில் உள்ள ஓட்டையை அடைப்பது எப்படி? முதல்முறை சர்வர் எடுத்தவர்களுக்கு

மாதம் சில நூறு ரூபாய்க்கு ஒரு லினக்ஸ் சர்வரை வாடகைக்கு எடுத்து, கடைக்கான வலைத்தளத்தையோ சொந்தமாக எழுதிய சின்னச் செயலியையோ அதில் ஓட்டுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். எடுத்த அன்று இரவெல்லாம் உட்கார்ந்து எல்லாவற்றையும் நிறுவுவோம். ஓடத் தொடங்கியதும் அந்தப் பக்கமே போக மாட்டோம். ஆறு மாதம், ஒரு வருடம் அப்படியே போய்விடும். உங்கள் சர்வரும் அப்படித்தான் இருக்கிறது என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

2024 ஜூலை 1 அன்று குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வுக் குழு ஓப்பன்எஸ்எஸ்ஹெச் மென்பொருளில் ஒரு பாதுகாப்பு ஓட்டையை அறிவித்தது. அதன் பதிவு எண் சிவிஇ-2024-6387. வைத்த பெயர் ரெக்ரெஷன். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய நாம் எல்லோரும் பயன்படுத்தும் வாசல் இந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச்தான். பாஸ்வேர்டு தெரியாத, கணக்கே இல்லாத ஒருவர் எங்கோ உட்கார்ந்துகொண்டு உங்கள் சர்வரின் ரூட் அதிகாரத்தை, அதாவது எதையும் செய்யக்கூடிய முழு அதிகாரத்தை, பிடிக்க இந்த ஓட்டை வழிவிடும். ஷோடன், சென்சிஸ் ஆகிய தேடல் தளங்களில் பார்த்தபோது, ஆபத்தில் இருக்கக்கூடிய 1.4 கோடிக்கும் மேற்பட்ட சர்வர்கள் இணையத்தில் தெரிந்தன என்று குவாலிஸ் சொன்னது. ஓப்பன்எஸ்எஸ்ஹெச் குழுவும் தன் 9.8 வெளியீட்டுக் குறிப்பில் இதை மிகக் கடுமையான ஓட்டை என்றே குறிப்பிட்டது.

ஓட்டையை அடைக்கும் திருத்தம், அதாவது பேட்ச், அன்றைக்கே வந்துவிட்டது. ஆனால் பேட்ச் வருவது வேறு, உங்கள் சர்வரில் அது ஏறுவது வேறு. பழைய இமேஜிலிருந்து நிறுவி, அப்டேட் போடாமல் விட்ட சர்வரில் அந்த ஓட்டை இன்றும் அப்படியே இருக்கும். அதனால்தான் நடந்து முடிந்த கதை என்று இதைத் தள்ளிவிடாமல் எழுதுகிறேன்.

ஒரு விஷயம். கட்டளைகளை வாயால் சொல்வது போலத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில், நான் தனியாகச் சொல்லாத இடத்தில் எல்லாம் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

ஓட்டை எங்கே இருக்கிறது

இதைப் புரிந்துகொள்ளாமலும் அடைத்துவிடலாம். ஆனால் புரிந்துகொண்டால், எது உதவும், எது உதவாது என்பது தானே தெளிவாகிவிடும். அதனால் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள்.

நீங்கள் எஸ்எஸ்ஹெச்சில் இணைந்ததும், உள்ளே வருவதற்கு சர்வர் 120 நொடி அவகாசம் தரும். இந்த அவகாசத்துக்கு லாகின்கிரேஸ்டைம் என்று பெயர். 120 நொடிக்குள் நீங்கள் யார் என்று நிரூபிக்கவில்லை என்றால் சர்வருக்குள் ஓர் அலாரம் அடிக்கும். அடித்ததும், அந்த நொடி செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு, இந்த முகவரியிலிருந்து வந்தவர் நேரத்துக்குள் நுழையவில்லை என்று லாகில், அதாவது நடந்ததைக் குறித்துவைக்கும் கோப்பில், எழுதப் போகும். எழுதுவதற்கு நினைவகத்தில் கொஞ்சம் இடம் பிடிக்க வேண்டும். இங்கேதான் சிக்கல்.

ஒரு கணக்குப்பிள்ளை பேரேட்டில் பற்று எழுதிவிட்டார், அதற்கு ஈடான வரவை இன்னும் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் பார்த்து மணி அடிக்கிறது. மணி அடித்தால் உடனே வேறொரு பதிவு போட வேண்டும் என்பது அவருக்கு உத்தரவு. அதையும் அதே பேரேட்டில், அதே பக்கத்தில்தான் போட வேண்டும். பாதியில் நிற்கும் கணக்கின் மேல் இன்னொரு கணக்கு ஏறினால் பேரேடு குழம்பிப் போகும். சர்வரில் அந்தப் பேரேடு என்பது நினைவகத்தில் எந்த இடம் காலி, எந்த இடம் நிரம்பியது என்று வைத்திருக்கும் கணக்கு. இடம் ஒதுக்கும் வேலை பாதியில் இருக்கும்போது சரியாக அலாரம் அடிக்கும்படி தாக்குபவர் நேரம் பார்த்துத் தரவுகளை அனுப்புவார். குழம்பிய கணக்கைப் பிடித்துக்கொண்டு தன் நிரலை ஓட வைப்பார். அந்த வேலையை ரூட் அதிகாரத்தில் ஓடும் பகுதி செய்வதால், கிடைப்பதும் ரூட் அதிகாரமே.

நேரம் அவ்வளவு துல்லியமாக அமைவது அரிது. குவாலிஸ் குழு 32 பிட் லினக்ஸில் சோதித்தபோது, ஒரு முறை வெல்ல சராசரியாகச் சுமார் 10,000 முயற்சி தேவைப்பட்டது. சர்வர் ஒரே நேரத்தில் 100 இணைப்புகளை அனுமதிக்கிறது, ஒவ்வொன்றுக்கும் 120 நொடி. அப்படியானால் 100 சுற்று, அதாவது 12,000 நொடி, சுமார் மூன்றே கால் மணி நேரம். நினைவக முகவரிகளை லினக்ஸ் மாற்றி மாற்றி வைப்பதால் தாக்குபவரின் ஊகம் பாதி நேரம்தான் சரியாக அமையும். அதையும் சேர்த்தால் ஆறிலிருந்து எட்டு மணி நேரம். நீங்கள் தூங்கி எழுவதற்குள் முடிந்துவிடும்.

64 பிட் கணினிகளில் இது முடியும் என்று நம்பப்பட்டாலும், அறிவிப்பு வந்த சமயத்தில் யாரும் செய்து காட்டவில்லை. வாடகை சர்வர்கள் பெரும்பாலும் 64 பிட். எனவே பதறத் தேவையில்லை. அதற்காகத் தள்ளிப்போடவும் கூடாது.

ரெக்ரெஷன் என்ற பெயருக்கு ஒரு காரணம் உண்டு. ஒருமுறை சரிசெய்த பிழை மறுபடி திரும்பி வருவதை மென்பொருள் எழுதுகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். இதே ஓட்டை 2006லேயே கண்டுபிடிக்கப்பட்டு 4.4 பதிப்பில் அடைக்கப்பட்டது. 2020 அக்டோபரில் நிரலைத் திருத்தியபோது அந்தப் பழைய காப்பு வரி தவறுதலாக நீங்கிவிட்டது. 2021 மார்ச்சில் வந்த 8.5 பதிப்போடு ஓட்டையும் திரும்பி வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. உலகம் முழுக்க நம்பும் ஒரு மென்பொருளை மிகக் கவனமாக எழுதுகிறவர்களுக்கே இது நேர்ந்தது என்றால், நம் பக்கத்தில் நாம் இன்னும் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

இந்த விளக்கத்திலிருந்து ஒன்று தெரிந்திருக்கும். ஓட்டை பூட்டுக்கு முன்னாலேயே இருக்கிறது. பாஸ்வேர்டை எவ்வளவு கடினமாக வைத்தாலும், பாஸ்வேர்டையே எடுத்துவிட்டு கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பயன்படும் சாவிக் கோப்பு) மட்டும் வைத்தாலும் இந்தத் தாக்குதல் நிற்காது. புதியவர்கள் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான், அதனால் அழுத்திச் சொல்கிறேன். போர்ட் எண்ணை 22லிருந்து வேறு எண்ணுக்கு மாற்றுவதும் தீர்வு ஆகாது. தேடுகிறவர்கள் எல்லா எண்ணிலும் தட்டிப் பார்ப்பார்கள்.

சரி, வேலையைத் தொடங்கலாம்.

முதல் படி: எத்தனை சர்வர் என்று எண்ணுங்கள்

ஒரு தாளை எடுத்து, உங்கள் பொறுப்பில் எங்கெல்லாம் எஸ்எஸ்ஹெச் சர்வர் ஓடுகிறது என்று எழுதுங்கள். வாடகை சர்வர் உடனே நினைவுக்கு வரும். மறந்து போவது மற்றவைதான். சோதனைக்காக எடுத்து அணைக்காமல் விட்டது, வீட்டில் மேசைக்கு அடியில் ஓடும் ராஸ்பெர்ரி பை, அலுவலகத்தில் கோப்புகளைச் சேமிக்கும் நாஸ் பெட்டி. ராஸ்பெர்ரி பையில் 32 பிட் லினக்ஸ் ஓடினால் அதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்.

நீங்கள் சர்வருக்குள் போகப் பயன்படுத்தும் லேப்டாப்புக்கு இந்த ஓட்டையால் ஆபத்து இல்லை. புட்டி போன்ற செயலிகளும் அப்படியே. இணைப்பை ஏற்றுக்கொள்ளும் பக்கம், அதாவது எஸ்எஸ்ஹெச்டி என்ற நிரல் ஓடும் பக்கம்தான் கணக்கில் வரும்.

இரண்டாம் படி: மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஏற்பாடு

எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே இருந்துகொண்டே எஸ்எஸ்ஹெச்சைப் பழுதுபார்க்கப் போகிறோம். உட்கார்ந்திருக்கும் கிளையிலேயே வேலை. அதனால் இரண்டு ஏற்பாடு முதலில் வேண்டும்.

சர்வர் கொடுத்த நிறுவனத்தின் பேனலில், பிரவுசர் வழியாகவே சர்வரின் திரையைத் திறக்கும் கன்சோல் என்ற வசதி இருக்கும். அதை இப்போதே ஒருமுறை திறந்து, உங்கள் பெயரும் பாஸ்வேர்டும் போட்டு உள்ளே போக முடிகிறதா என்று பாருங்கள். கீ மட்டும் வைத்து வேலை செய்து பழகியவர்களுக்கு அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு நினைவே இருக்காது. சிக்கல் வந்த பிறகு அதைத் தேடக் கூடாது.

அடுத்தது, அதே பேனலில் ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது சர்வர் இப்போது இருக்கும் நிலையின் முழு நகல், எடுத்துக்கொள்ளுங்கள். சில ரூபாய் ஆகலாம், பரவாயில்லை.

மூன்றாம் படி: எண்ணைச் சரியாகப் படியுங்கள்

எனக்குத் தெரிந்து புதியவர்கள் அதிகமாகத் தவறுவது இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டெர்மினலில் எஸ்எஸ்ஹெச் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு ஹைஃபன் போட்டு, ஒட்டினாற்போல வி என்ற பெரிய எழுத்தை அடியுங்கள். உபுண்டு 24.04 சர்வரில் இப்படி ஒரு வரி வரும்: ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 9.6பி1 உபுண்டு-3உபுண்டு13.3. கடைசியில் வரும் எண் உங்கள் சர்வரில் வேறாக இருக்கலாம்.

இந்த வரியில் இரண்டு பகுதி இருக்கிறது. முதல் பகுதி, 9.6பி1, ஓப்பன்எஸ்எஸ்ஹெச் குழு கொடுத்த பதிப்பு எண். 8.5லிருந்து 9.7 வரை இருந்தால் அது ஓட்டை உள்ள வரிசை. 4.4லிருந்து 8.4 வரை உள்ளவற்றில் இந்த ஓட்டை இல்லை. 9.8 முதல் அடைக்கப்பட்டுவிட்டது.

இதோடு நிறுத்திக்கொண்டால் தப்பாகப் புரிந்துகொள்வோம். உபுண்டு, டெபியன், ரெட்ஹேட் போன்றவர்கள் ஒரு ஓட்டையை அடைப்பதற்காகப் புதிய பதிப்புக்குத் தாவ மாட்டார்கள். பழைய பதிப்பிலேயே ஓட்டை உள்ள இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுவார்கள். அதனால் முன்னால் இருக்கும் எண் மாறாது, பின்னால் ஒட்டியிருக்கும் எண் மட்டும் மாறும். வரியின் இரண்டாம் பகுதி அதுதான். அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

உபுண்டு 22.04 என்றால் 8.9பி1-3உபுண்டு0.10 அல்லது அதற்கு மேல். உபுண்டு 24.04 என்றால் 9.6பி1-3உபுண்டு13.3 அல்லது அதற்கு மேல். டெபியன் 12 என்றால் 9.2பி1-2+டெப்12யு3 அல்லது அதற்கு மேல். இவற்றை எட்டியிருந்தால் ஓட்டை அடைபட்டுவிட்டது என்று பொருள்.

இதில் இன்னொரு பொறி. 0.10 என்பது 0.9ஐ விடப் பெரியது. பள்ளியில் படித்த தசமப் புள்ளி இல்லை இது. புள்ளிக்குப் பின்னால் ஒன்பதுக்கு அடுத்தது பத்து, அவ்வளவுதான்.

என் நண்பர் ஒருவர் தன் சர்வரில் 8.9 என்ற எண்ணைப் பார்த்ததும் பயந்துபோனார். 9.8க்கு மேல் இருந்தால்தான் பாதுகாப்பு என்று எங்கோ படித்திருந்தார். மூல நிரலை இறக்கி, அதை ஓடக்கூடிய நிரலாகத் தானே மாற்றி (கம்பைல் செய்து) 9.8ஐ நிறுவினார். அவருடைய சர்வரில் அடைப்பு ஏற்கெனவே ஏறியிருந்தது. இப்போது இரண்டு எஸ்எஸ்ஹெச்டி. உபுண்டு கொடுத்தது ஓர் இடத்தில், அவர் நிறுவியது வேறோர் இடத்தில். அவர் நிறுவியதற்கு அப்டேட் தானாக வராது. அடுத்த ஓட்டை வந்தால் அவரேதான் கவனித்து மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். பாதுகாப்பைக் கூட்டுவதாக நினைத்து, கிடைத்துக்கொண்டிருந்த பாதுகாப்பை நிறுத்திக்கொண்டார். அதைச் சரிசெய்ய எங்கள் இருவருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. தயவுசெய்து அந்த வழிக்குப் போகாதீர்கள்.

ரெட்ஹேட் 9, ஆல்மாலினக்ஸ் 9, ராக்கி 9 வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கட்டளையில் 8.7பி1 என்று மட்டும் தெரியும், வால் தெரியாது. அங்கே பேக்கேஜின் மாற்றக் குறிப்பைக் கேட்க வேண்டும். ஆர்பிஎம், இடைவெளி, ஹைஃபன் கியூ, இடைவெளி, இரட்டை ஹைஃபன் சேஞ்ச்லாக், இடைவெளி, ஓப்பன்எஸ்எஸ்ஹெச்-சர்வர். வரும் பட்டியலில் 2024-6387 என்ற எண்ணைத் தேடுங்கள். இருந்தால் அடைத்தாகிவிட்டது. அறிவிப்பு வந்த ஒரே வாரத்தில், ஜூலை 8 அன்று, இந்தக் குடும்பத்துக்கு மட்டும் பொருந்தும் இதன் உறவுக்கார ஓட்டை ஒன்றும் வெளிவந்தது. அதன் எண் 2024-6409. அலெக்ஸாண்டர் பெஸ்லியாக் கண்டுபிடித்தது. அதையும் சேர்த்துத் தேடுங்கள்.

உபுண்டு 20.04 (8.2), டெபியன் 11 (8.4), ரெட்ஹேட் 8 (8.0) ஆகியவற்றுக்கு இந்த ஓட்டையால் பாதிப்பு இல்லை. ஆல்பைன் லினக்ஸில் அடித்தள நூலகமே வேறு என்பதால் அதற்கும் இல்லை. ஆனால் உபுண்டு 20.04க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. இந்த ஓட்டை இல்லை என்ற நிம்மதியில் அதிலேயே தொடராதீர்கள்.

ஓட்டை இருக்கிறதா என்று சோதித்துச் சொல்கிறோம் என்று இணையத்தில் கிடக்கும் நிரல்களை இறக்கி ஓட்டவே ஓட்டாதீர்கள். இந்த ஓட்டைக்கான தாக்குதல் நிரல் என்ற பெயரில் தீம்பொருளைக் கட்டிப் பரப்பியதை 2024 ஜூலையிலேயே காஸ்பர்ஸ்கை எச்சரித்தது. பதிப்பு எண்ணைப் படிக்கத் தெரிந்தாலே போதும்.

நான்காம் படி: வாசலுக்கு யார் வரலாம்

அப்டேட் போடுவதற்கு முன்பே இதைச் செய்துவிடலாம், செய்ய வேண்டும். 22ஆம் போர்ட்டை உலகம் முழுவதற்கும் திறந்து வைத்திருக்க என்ன தேவை? உள்ளே போகப்போவது நீங்களும், இன்னும் ஒருவர் இருவரும்தான்.

நிறுவனத்தின் பேனலில் ஃபயர்வால் என்று ஒரு பக்கம் இருக்கும். அங்கே 22ஆம் போர்ட்டுக்கு எதிரே உங்கள் ஐபி முகவரியை மட்டும் கொடுங்கள். தாக்குபவரின் இணைப்பு சர்வரைத் தொடவே தொடாது என்றால், ஓட்டை இருந்தாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அடுத்து வரப்போகும், இன்னும் பெயர் வைக்காத ஓட்டைகளுக்கும் இது பொருந்தும். எனக்கு இந்தக் கட்டுரையில் மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

நம் வீட்டு இணைப்பில் ஐபி முகவரி மாறிக்கொண்டே இருக்கும் என்பது நடைமுறைச் சிக்கல். இதற்கு இரண்டு வழி. ஒவ்வொரு முறையும் பேனலுக்குப் போய் முகவரியை மாற்றுவது, மாதம் ஒருமுறை மட்டும் உள்ளே போகிறவர்களுக்கு இது போதும். அடிக்கடி போகிறவர்கள் வயர்கார்டு என்ற விபிஎன்னை சர்வரில் நிறுவி, எஸ்எஸ்ஹெச்சை அதற்குள் மட்டும் திறக்கலாம். அதை நிறுவ ஒரு மாலை நேரம் ஆகும், ஆனால் அதன் பிறகு நிம்மதி.

சர்வருக்குள் இருக்கும் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலைப் பயன்படுத்துகிறவர்கள் வரிசையைக் கவனியுங்கள். முதலில் 22ஐ அனுமதிக்கும் விதி, அதன் பிறகுதான் ஃபயர்வாலை இயக்கும் கட்டளை. என் முதல் சர்வரில் நான் இதை மாற்றிச் செய்தேன். அப்போது திறந்திருந்த டெர்மினலில் வேலை செய்துகொண்டே இருந்தேன், ஒன்றும் தெரியவில்லை. மூடிவிட்டு மறுநாள் காலை இணைந்தால் எந்தப் பதிலும் இல்லை. கன்சோலின் பாஸ்வேர்டும் என்னிடம் இல்லை. இரண்டாம் படியில் அதை அவ்வளவு வற்புறுத்தியதற்கு அந்தக் காலைதான் காரணம்.

ஐந்தாம் படி: அப்டேட்

இரண்டு டெர்மினல் ஜன்னல்களைத் திறந்து, இரண்டிலும் சர்வருக்குள் நுழையுங்கள். ஒன்றில் வேலை. மற்றது சும்மா திறந்து கிடக்கட்டும், எல்லாம் முடியும் வரை அதை மூடக் கூடாது.

உபுண்டுவிலும் டெபியனிலும் சூடோ ஆப்ட் அப்டேட், அது முடிந்ததும் சூடோ ஆப்ட் அப்கிரேட். முதலாவது என்னென்ன புதிதாக வந்திருக்கிறது என்ற பட்டியலை மட்டும் கொண்டுவரும், இரண்டாவதுதான் நிறுவும். முதலாவதை மட்டும் அடித்துவிட்டு அப்டேட் போட்டாகிவிட்டது என்று நினைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ரெட்ஹேட் குடும்பத்தில் சூடோ டிஎன்எஃப் அப்கிரேட்.

நடுவில் நீல நிறத் திரை ஒன்று வரலாம். எஸ்எஸ்ஹெச்டியின் அமைப்புகள் இருக்கும் எஸ்எஸ்ஹெச்டி_கன்ஃபிக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், உங்களுடையதை வைத்துக்கொள்வதா, பேக்கேஜில் வந்த புதியதைப் போடுவதா என்று கேட்கும். இப்போது இருப்பதை வைத்துக்கொள் என்பதைத் தேர்ந்தெடுங்கள். புதியதைப் போட்டால், நீங்கள் மாற்றி வைத்த போர்ட் எண்ணும் மற்ற அமைப்புகளும் போய்விடும்.

முடிந்ததும் சூடோ எஸ்எஸ்ஹெச்டி, இடைவெளி, ஹைஃபன் டி. இது டெஸ்ட் என்ற சொல்லின் முதல் எழுத்தான டி, சிறிய எழுத்து. கன்ஃபிக் கோப்பில் பிழை இருந்தால் வரி எண்ணோடு சொல்லும். எதுவும் சொல்லாமல் அடுத்த வரிக்கு வந்தால் சரியாக இருக்கிறது. அதன் பிறகு ரீஸ்டார்ட். உபுண்டு, டெபியனில் சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் எஸ்எஸ்ஹெச். ரெட்ஹேட் குடும்பத்தில் கடைசிச் சொல் எஸ்எஸ்ஹெச்டி. ரீஸ்டார்ட் செய்தால் ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகள் பொதுவாக அறுபடாது, அதனால் தைரியமாகச் செய்யலாம்.

டெபியனிலும் உபுண்டுவிலும் பேக்கேஜே ரீஸ்டார்ட்டையும் செய்துவிடும். இருந்தாலும் நாமும் ஒருமுறை செய்வதில் நஷ்டமில்லை. ஆர்ச் லினக்ஸில் 9.8 வந்தபோது, அப்டேட் போட்டுவிட்டு ரீஸ்டார்ட் செய்யாதவர்களுக்குப் புதிய இணைப்பே கிடைக்காமல் போனது. தொலைவில் இருக்கும் சர்வரை அப்டேட் செய்ததும் உடனே ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்று ஆர்ச் குழு தனியாக அறிவிக்க வேண்டியிருந்தது.

இப்போது மூன்றாவதாக ஒரு ஜன்னலைத் திறந்து புதிதாக உள்ளே நுழையுங்கள். நுழைய முடிகிறதா? மூன்றாம் படியில் பார்த்த எண்ணை மறுபடி பாருங்கள். மாறியிருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால்தான் சும்மா கிடக்கும் அந்த ஜன்னலை மூடலாம்.

அப்டேட் போட முடியாத நிலை என்றால்

சில நேரம் உடனே முடியாது. நாஸ் பெட்டிக்கு நிறுவனம் இன்னும் அப்டேட் தரவில்லை, பழைய செயலி ஒன்று உடைந்துவிடும் என்ற பயம், இப்படி ஏதாவது. அப்போது தற்காலிகமாக ஒன்று செய்யலாம். கன்ஃபிக் கோப்பில் லாகின்கிரேஸ்டைம் மதிப்பை 0 என்று வையுங்கள். 0 என்றால் அவகாசத்துக்கு எல்லையே இல்லை. அலாரம் அடிக்காது. அலாரம் அடிக்காவிட்டால் இந்த ஓட்டைக்கு வேலையே இல்லை.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. உள்ளே வராமல் வாசலில் நிற்பவர்களை சர்வர் இனி துரத்தாது. யாராவது வேண்டுமென்றே 100 இணைப்புகளைத் திறந்து அப்படியே விட்டால், உங்களுக்கே இடம் கிடைக்காது. சர்வர் பிடிபடுவதற்கு வாசல் அடைபடுவது மேல் என்ற கணக்கில்தான் இதைச் செய்கிறோம். அப்டேட் போட்ட அன்றே 120க்குத் திருப்பிவிடுங்கள்.

எஸ்எஸ்ஹெச்டி ஒரு அமைப்பை முதலில் எங்கே பார்க்கிறதோ அந்த மதிப்பைத்தான் எடுத்துக்கொள்ளும். உபுண்டுவில் கன்ஃபிக் கோப்பின் தொடக்கத்திலேயே வேறொரு கோப்புறையில் உள்ள கோப்புகளையும் இழுத்துக்கொள்ளும் வரி இருக்கிறது. அங்கே வேறு மதிப்பு இருந்தால் நீங்கள் கீழே எழுதியது செல்லாது. சூடோ எஸ்எஸ்ஹெச்டி, இடைவெளி, ஹைஃபன், டெஸ்ட் என்ற சொல்லின் அதே டி, இந்த முறை பெரிய எழுத்தில். நடைமுறையில் இருக்கப்போகும் எல்லா மதிப்புகளையும் வரிசையாகக் காட்டும். லாகின்கிரேஸ்டைம் 0 என்று அதில் வருகிறதா என்று பார்த்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ஏற்கெனவே யாராவது நுழைந்திருந்தால்?

இந்தத் தாக்குதல் ஓசைப்படாமல் நடக்க முடியாது. ஆயிரக்கணக்கான முறை 120 நொடி முழுக்க இழுத்தடிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் லாகில் ஒரு வரி விழும். உபுண்டுவில் வார் கோப்புறைக்குள் லாக் கோப்புறை, அதற்குள் ஆத்.லாக். ரெட்ஹேட் குடும்பத்தில் அதே இடத்தில் செக்யூர் என்ற கோப்பு. டெபியன் 12இல் அந்தக் கோப்பு இல்லாவிட்டால் ஜர்னல்சிடிஎல், ஹைஃபன் யு, எஸ்எஸ்ஹெச் என்று கேளுங்கள். தேட வேண்டிய சொற்கள், டைம்அவுட் பிஃபோர் ஆதென்டிகேஷன். இதில் முதல் எழுத்து மட்டும் பெரியது.

நாளுக்கு நாலைந்து வரி இருந்தால் கவலைப்படாதீர்கள். இணையத்தில் திறந்திருக்கும் எந்த வாசலையும் தானியங்கி நிரல்கள் தட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கொத்துக் கொத்தாக, மணிக்கணக்கில் தொடர்ந்து இந்த வரி வந்திருந்தால் அது வேறு விஷயம்.

அப்படிப் பார்த்தீர்கள், கூடவே நீங்கள் உருவாக்காத கணக்கு, நீங்கள் வைக்காத கீ, அறியாத நிரல் ஒன்று சிபியுவைத் தின்பது என்று ஏதாவது கண்ணில் பட்டால், அந்தச் சர்வரைச் சுத்தம் செய்ய முயலாதீர்கள். ரூட் அதிகாரம் கைமாறியிருந்தால், அதில் நீங்கள் பார்க்கும் எதையும், அந்த லாகையும் சேர்த்து, நம்ப முடியாது. புதிய சர்வர் ஒன்றை எடுத்து, சந்தேகத்துக்கு முந்தைய பேக்கப்பிலிருந்து தரவுகளை மட்டும் கொண்டுபோங்கள். பழைய சர்வரில் இருந்த தரவுத்தளப் பாஸ்வேர்டுகள், கட்டணச் சேவைகளின் ரகசிய எண்கள், கீகள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். வாடிக்கையாளர்களின் விவரம் அதில் இருந்தது என்றால் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். சொல்வது கஷ்டம்தான், ஆனால் அது அவர்களுடைய விவரம்.

கடைசியாக இரண்டு வேலை

இதே வேலையை அடுத்த முறை சர்வரே செய்யும்படி விடலாம். உபுண்டுவில் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் என்ற பேக்கேஜ் பாதுகாப்பு அப்டேட்களைத் தினமும் தானாக நிறுவும். பொதுவாக அது இயங்கிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் வாடகைக்கு வரும் எல்லா இமேஜிலும் அப்படி இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் என்று அடித்து அந்தப் பெயரைக் கொடுத்தால் நிலை தெரியும். லாக் கோப்புறைக்குள் அதே பெயரில் ஒரு கோப்புறை இருக்கும். அதில் கடைசியாக என்று, எதை நிறுவியது என்று பாருங்கள். அப்புறம், உங்கள் லினக்ஸின் பாதுகாப்பு அறிவிப்புகள் மின்னஞ்சலில் வரும்படி பதிவு செய்துகொள்ளுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள், அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிடும் எச்சரிக்கைகளையும் பார்க்கலாம்.

இன்னொன்று அந்த ஸ்னாப்ஷாட். இரண்டாம் படியில் எடுத்தோமே, அது ஓட்டை உள்ள பழைய சர்வரின் அச்சு அசல் நகல். ஒரு வாரம் எல்லாம் சரியாக ஓடுகிறது என்று தெரிந்ததும் பேனலுக்குப் போய் அதை நீக்கிவிட்டு, புதிதாக ஒன்று எடுத்து, பெயரில் தேதியைச் சேர்த்து வையுங்கள். அடுத்த வருடம் ஏதோ அவசரத்தில் பழையதிலிருந்து மீட்டெடுத்தால், ஓட்டையும் அதோடு திரும்பி வந்துவிடும்.